தொடர்பு உள்ளவர்கள் கையைத் தூக்கவும்

ஊசி இல்லாமல், மருந்து இல்லாமல், ஒரே ஒரு சொல்லால் ஒரு மலைச்சரிவு முழுக்கக் கோமாரி நோயை நிறுத்திய மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் இப்போது குன்னூரில் குல்லாவும் மஃப்ளருமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு நலமாக இருக்கிறான். பெயர் சபாபதி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். அதாவது நான்.

இதை முதல் தடவையே நம்பியவர் ஒருவர் உண்டு. அவருக்குக் காது மந்தம். மற்றவர்கள் நாலு தடவை கேட்டால், மேற்கொண்டு கேட்க முடியாமலாவது நம்பிவிடுவார்கள். என் நண்பர் ஆறுச்சாமி மட்டும் முப்பது வருஷமாக அசையவில்லை.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரே, கோமாரி நின்னது நான் போட்ட தைலமரத் தழைப் புகையில. நீங்க மைக்குல கத்துனதுல காக்காதான் பறந்துச்சு" என்பார்.

தழைப் புகையாம்! அவர் போட்ட புகையில் அவருக்கு மூன்று நாள் இருமல் வந்தது. அதுதான் அந்தப் புகையின் மொத்தச் சாதனை.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், இத்தலாருக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில். ஆறுச்சாமி அங்கே ஃபாக்டரியில் வேலை. அவர் சம்சாரம் லீலாவதி கொழுந்து பறிப்பவர். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக மாட்டுக் கொட்டில்கள். லீலாவதியின் செவலைப் பசு அப்போது நிறைசினை. இன்றோ நாளையோ என்றிருந்தது. வயிறு எவ்வளவு பெரிது என்றால், அது திரும்பிப் படுத்தால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் உருளும். லீலாவதிக்குப் பிள்ளை இல்லை. போன வருஷமும் அந்தப் பசுவுக்குக் கன்று அரைகுறையாக விழுந்துவிட்டது. "இதுவும் போச்சுன்னா நான் மாட்டையே வித்துப்போட்டு, கொட்டிலைப் பிரிச்சு அடுப்புல வெச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கையெல்லாம் பசுவின் கழுத்தில்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோமாரி வந்தது. மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வெடிக்கும், எச்சில் நூலாக ஒழுகும், காய்ச்சல் கொதிக்கும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சினை மாட்டுக்குக் கன்று தங்காது. பிறந்த கன்றாக இருந்தால் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்துவிடும்.

முதலில் படுத்தது கருப்பம்மாளின் மாடு. கருப்பம்மாள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம்; லைனை 'லயம்' என்பார். சந்தையில் ஒரு கிடாரியை வாங்கிவந்து, தனியாகக் கட்டாமல் நேரே பழைய மாட்டின் பக்கத்தில் கட்டிவிட்டார். நோய் அந்தக் கிடாரியோடு இலவசமாக வந்தது.

தடுப்பூசி கேட்டுக் கால்நடை மருத்துவர் தேவநேசனுக்குப் போன் போட்டேன். மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது. ஐஸ் பெட்டியில் வரவேண்டிய மருந்து மேட்டுப்பாளையத்தில் நின்றுவிட்டது. "ரோடு திறக்கற வரைக்கும் நீதான்யா டாக்டர்" என்றார் அவர். என் மார்பு அங்குலக் கணக்கில் விரிந்தது. ஸ்வெட்டரில் ஒரு தையல் விட்டுப்போனதை லைனே கேட்டது.

அடுத்து யார் மாடு படுக்கும் என்று பார்த்தேன். கருப்பம்மாளின் பக்கத்துக் கொட்டில் இசக்கியம்மாவுடையது. நடுவே ஒரு சாக்கடைதான். அதுதான் அடுத்தது என்று நினைத்தேன். இல்லை! லைனின் மறுகோடியில் இருந்த பேச்சியம்மா மாடு எச்சில் ஒழுக்கியது. அதற்கடுத்து மேட்டு லைனில் ஒன்று. நோய் என்ன, பஸ் ஏறியா போகிறது?

கொட்டில் கொட்டிலாகக் கேட்டபோது விஷயம் விளங்கியது. அந்த லைனில் ஒரு பழக்கம் உண்டு. மாட்டுக்குச் சீக்கு என்றால், மனுஷருக்குச் சீக்கு வந்ததுபோல ஊரே பார்க்கப் போகும். வெறுங்கையோடு போகக்கூடாது, வாழைப்பழம் கொண்டுபோக வேண்டும். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ஐயோ தங்கம்" என்று அழுது, வாயைப் பிளந்து கொப்புளத்தைப் பார்த்து, பழத்தை ஊட்டிவிட்டு, அதே கையோடு வீட்டுக்கு வந்து தன் மாட்டைத் தடவி, "உனக்கு ஒண்ணும் வராது சாமி" என்று மறுபடி அழ வேண்டும். பேச்சியம்மா இரண்டு வேளையும் போய் அழுதவர். இசக்கியம்மாவுக்கோ அந்தச் சாக்கடைத் தகராறில் கருப்பம்மாளோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தையே இல்லை. அவர் மாடு கல்லுக்குண்டு மாதிரி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு நெற்றியில் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கோத்தகிரி வரைக்கும் தெரிந்திருக்கும். இந்த மலையில் கோமாரியை அதிகம் சுமப்பது காற்றும் தண்ணீரும் இல்லை, பாசம்! எங்கே பாசம் இருக்கிறதோ அங்கே மாடு படுக்கிறது. எங்கே சண்டை இருக்கிறதோ அங்கே மாடு பிழைக்கிறது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "தயவுசெஞ்சு யாரும் சீக்கு மாட்டைப் பாக்கப் போகாதீங்க. கையில, செருப்புல, சேலை முந்தியில கிருமி ஒட்டிட்டு வரும்."

"நல்லாருக்குதுங்க நாயம்" என்றார் பேச்சியம்மா. "எங்க ஊட்டு மாடும் படுத்துக் கெடக்குதே, அதைப் பாக்க யாரு வருவாங்க? நீங்களா வந்து அழுவீங்க?"

நான் அழ முன்வந்தேன். ஏற்கப்படவில்லை.

தேவநேசன் மறுபடி போனில் வந்தார். "யார் யாருக்கு அந்த வீட்டோட தொடர்புன்னு முதல்ல கண்டுபிடிய்யா. தொடர்பு உள்ளவங்களைத் தனியாப் பிரி. அதுதான் வழி."

மறுநாள் காலை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மொத்த ஜனமும் நிற்கிறது. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்தேன். என் குரல் சாதாரணமாகவே அடுத்த எஸ்டேட்டில் ஆள் கூப்பிடும். அதற்கு மேல் ஒலிபெருக்கி வேறு.

"அனைவருக்கும் வணக்கம். கருப்பம்மாள் ஊட்டோட யார் யாருக்கெல்லாம் தொடர்பு இருக்குதோ, வெக்கப்படாமக் கையைத் தூக்குங்க!"

எதிர்மலை பொறுப்பாகத் திருப்பிச் சொன்னது: தொடர்பு... தொடர்பு... தூக்குங்க...

மாடு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கருப்பம்மாளின் வீட்டுக்காரர் சின்னராஜ், எஸ்டேட்டிலேயே எண்ணெய் வைத்துச் சுருள்முடி சீவும் ஒரே ஆள் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

கருப்பம்மாள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"இந்தாய்யா, யாரோடய்யா தொடர்பு? லயம் பூராவுமா?"

"அடியே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!"

"அப்ப இன்ஸ்பெக்டர் ஐயா ஏன் கையைத் தூக்கச் சொல்றாரு? அதிலயும் வெக்கப்படாம!"

நான் பதறி மைக்கில், "தப்பா நெனைக்காதீங்க! மாட்டுத் தொடர்பைத்தான் சொல்றேன்! மாட்டைப் பாக்கப் போனவங்க!" என்றேன்.

அவ்வளவுதான், எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. "அப்ப மாட்டைப் பாக்கற சாக்குலயா?" என்று ஒரு குரல். "ரெண்டு வேளையும் போயி அழுதது இதுக்குத்தானா?" என்று இசக்கியம்மா குரல். பேச்சியம்மா கூடையைக் கீழே போட்டார். "யாரைப் பாத்து என்ன பேசற? எனக்கு அந்த ஊடு எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாது!"

ஒரு கை உயரவில்லை. நேற்றுவரை வரிசையில் நின்று பழம் ஊட்டிய அத்தனை பேரும், கருப்பம்மாளுக்கு ஒரு மாடு இருப்பதே இன்றுதான் தெரியும் என்று சாமிமேல் ஆணையிட்டார்கள்.

அன்று முதல் எவரும் எவர் கொட்டில் பக்கமும் தலைகாட்டவில்லை. போனால் பெயர் கெட்டுவிடும். குழாயடிப் பொதுத்தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் கூச்சம். அவரவர் வீட்டில் அவரவர் வாளி. பால்காரர் ஒரே கேனோடு கொட்டிலுக்குள் நுழைவதும் நின்றது. வாசலில் வைத்தே ஊற்றினார்கள். நான் ஆறு மாதம் கெஞ்சினாலும் நடக்காததெல்லாம் ஒரு சொல்லில் நடந்தது. படுத்த மாடுகளோடு நோய் நின்றது. புதிதாக ஒன்றுகூட எச்சில் ஒழுக்கவில்லை.

லீலாவதி மட்டும் தூங்காமல் செவலையின் வாயை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அதற்கு வலியெடுத்தது. கன்று தலை மடிந்து நின்றுவிட, ஆறுச்சாமி கையை உள்ளே விட்டுத் திருப்பி, இழுத்து வெளியே எடுத்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு கிடாரிக்கன்று. பிறந்த உடனே எழுந்து, அவர் வேட்டியைக் கடித்துத் தின்ன முயன்றது. லீலாவதி அழுத அழுகையில் கொட்டிலைத் தனியாகக் கழுவ வேண்டியிருக்கவில்லை.

பாதை திறந்து தேவநேசன் ஊசிப் பெட்டியோடு வந்தபோது, "எப்படிய்யா நிறுத்தின?" என்றார். சொன்னேன். சிரிப்பில் அவர் கண்ணாடி தீவனத் தொட்டியில் விழுந்தது.

போன மாதம் ஆறுச்சாமி வீட்டில் டீயும் வர்க்கி பிஸ்கட்டுமாக உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அவர், "எல்லாம் புளுகு. அந்த மைக்குப் பேச்சை யாரு மதிச்சாங்க? எவனும் பயப்படல" என்றார்.

லீலாவதி டீ டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"ஏனுங்ணா, நானும் இவுங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இத்தனை வருசமா வெச்சிருக்கறேன். மைக்குல பேசின அன்னிக்குச் சாயந்தரம் இவுங்க சலவைச் சட்டை போட்டுட்டு, மஃப்ளருக்குள்ள ஒரு சீப்புப் பழத்த மறைச்சிட்டுத் தேயிலைக்குள்ள எறங்கிப் போனாங்க. திரும்பி வரப்ப பழம் இல்லீங்க. அந்தப் பழம் யாருக்கு?"

ஆறுச்சாமியின் வர்க்கி பாதிவழியில் நின்றது.

"அது... சும்மா காத்தாட..."

"காத்தாடப் போறவங்களுக்குச் சலவைச் சட்டை எதுக்குங்க? அந்தச் சட்டை நம்ம கல்யாணத்துக்கு அப்பறம் அன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு. யாரோட தொடர்பு?"

முப்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லின் வீரியம் குறையவில்லை. தடுப்பூசிகூட ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும்! நான் ஆனந்தத்தில் வர்க்கியை டீக்குப் பதில் தண்ணீரில் நனைத்துவிட்டேன்.

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று கணக்குப் போட்டார்.

"அட சாமி, யாரோடயும் இல்ல புள்ள! சின்னராஜு கூப்புட்டான். மாட்டுக்குக் குளம்பு கழுவோணும், புடிக்க ஆளில்ல, எவனும் வரமாட்டீங்கறான்னான். சரி, சீக்குப் பாக்கப் போறமேன்னு சட்டையைப் போட்டு, பழத்தையும் எடுத்துட்டுப் போனேன். தேயிலை வழியா எறங்கிக் குழாயடி வரைக்கும் போனா, பொம்பளைங்க அத்தனையும் நிக்குது. 'ஏனுங்க ஆறுச்சாமியண்ணா, உங்களுக்குமா தொடர்பு?'ன்னு ஒரே சிரிப்பு. எனக்கு உசுரே போச்சு. அப்படியே திரும்பித் தேயிலைக்குள்ள பூந்து உக்காந்துட்டேன்."

"பழம்?"

"நானே தின்னுட்டேன். முழுச் சீப்பும். ராத்திரி வயித்து வலின்னு கெடந்தனே, மறந்துபோச்சா?"

லீலாவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, புருஷனின் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப நீங்க போயி அந்த மாட்டைப் புடிச்சிருந்தா..."

ஆறுச்சாமி தானும் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கையோடதான் புள்ள நம்ம செவலைகிட்ட வந்திருப்பேன். இந்தக் கையிலதான் கன்னையும் இழுத்திருப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, டீயிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"நடந்ததுதானுங்க, இன்ஸ்பெக்டரே. அந்த ஒத்தைச் சொல்லுக்குப் பயந்துதான் திரும்பி வந்தேன்."