விடுபட்ட பதினோரு வருஷம்

பயோடேட்டாவிலிருந்து பதினோரு வருஷத்தை எடுத்துவிட்ட மறுநாள் காலை, அவருடைய நரைமுடியெல்லாம் கறுத்திருந்தது. அவருடைய ஒன்பது வயது மகளோ, அவர் ஒருவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பதினோரு வருஷமும் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் உடல்களைக் கழுவி, காலில் சீட்டுக் கட்டி, உரியவர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு போன இரண்டு நேர்காணலிலும், கை கொடுக்க வந்தவர்கள் அந்த வரியைப் படித்ததும் நீட்டிய கையைப் பின்னிழுத்துப் பேனாவை எடுத்துக்கொண்டார்கள். அதனால் மூன்றாவது இடத்துக்கு அனுப்பும்போது அதை அழித்துவிட்டு, அதற்கு முன்பு பார்த்த கிடங்கு வேலையோடு நிறுத்திக்கொண்டார். மகளிடமும் ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

அன்று மனைவி இரண்டு தட்டுதான் வைத்தாள். மாப்பிள்ளைக் களை திரும்பிவிட்டதென்று கேலி வேறு. மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எங்கோ மாட்டிக்கொண்டது என்று அம்மா உதறிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார். சாயங்காலம் வந்து, "அப்பா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அவள் பிறந்ததும் அந்தப் பதினோரு வருஷத்துக்குள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் பயோடேட்டா அடித்துக்கொடுக்கும் பெண்ணிடம் மறுநாள் போய், விட்ட வரியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

"பிணவறை உதவியாளர்னு மொட்டையா போட்டா ஓடத்தாண்ணே செய்வாங்க. அங்க என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சொந்தக்காரங்க பாக்கறதுக்கு முன்னாடி முகத்தைத் துடைச்சு விடுவேன். ஒரு உடம்பைக்கூட ஆள் மாத்திக் குடுத்ததில்ல."

அவள் அதை அப்படியே அடித்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் காதோரம் நரைத்துவிட்டது. வாசலில் மனைவி, செருப்பைக் கண்ட இடத்தில் போட்டதற்காக மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதை அழித்தார் என்பதையும் மறைக்கவில்லை.

"சின்னப் பசங்களும் வந்தாங்களாப்பா?"

"வந்தாங்க."

"அவங்களுக்கும் முகம் துடைச்சு விட்டீங்களா?"

"அவங்களுக்கு வெந்நீர்ல."

அவள் அவர் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்தி, ஊட்டிவிடச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மருந்துக் கிடங்கில், பெட்டி மாறாமல் பார்த்து அனுப்பும் வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். கதை தெரிந்தும், அவர் தெருவில் இப்போதும் ஆட்கள் விண்ணப்பத்தில் ஒன்றிரண்டு வருஷத்தை விடத்தான் செய்கிறார்கள். ஆனால் அனுப்பிய கையோடு வீட்டுக்குப் போய், தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள்.