நாலு கோடு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் காலையிலிருந்து பதினேழாவது முறையாகக் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மேல் ஓரத்தில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன; பக்கத்தில் 5ஜி என்று வேறு ஜம்பமாக எழுதியிருந்தது. டவருக்கு ஒரு குறைவும் இல்லை. குறை அந்த மனுஷனிடம்தான் என்று முடிவு கட்டினாள்.

அந்த மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். எதிரே இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு வாரமாக லிஃப்டைப் பழுதுபார்க்கிறார். ஆறு மாதத்துக்கு முன் கண் காட்ட வந்தவர், எழுத்துப் பலகையில் ஐந்தாவது வரியோடு நிறுத்திக்கொண்டு, "இதுக்குக் கீழே எனக்குத் தெரியலைங்க" என்றார். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் ஆண்பிள்ளைகளைப் பதினைந்து வருட வேலையில் அவள் அதிகம் பார்த்ததில்லை. பாதி மனசு அங்கேயே போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் நேராகவே கேட்டுவிட்டார், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று. வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது, புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதுவரை போன் பண்ணித் தொந்தரவு தர மாட்டேன் என்றார். நாற்பத்தொரு வயதில், செவ்வாய்க்கிழமை காலையில், "சம்மதம். போக வேண்டாம்" என்று அடித்து அனுப்பினாள்.

இன்று புதன். மணி பதினொன்றேகால். செய்திக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. நீயே கூப்பிட்டுக் கேளேன்டி என்று காலையில் வீட்டில் அக்கா சொல்லத்தான் செய்தாள். சம்மதம் என்று சொன்ன பிறகு கூப்பிட வேறு செய்யணுமா என்று இவளுக்கு வீம்பு. வீம்புக்கு அடியில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்து உட்கார்ந்தார். சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, படியுங்கள் என்றாள். மளமளவென்று ஒப்பித்துக் கடைசி வரிக்கு வந்துவிட்டார். சந்தேகம் தட்டியது. சத்தமில்லாமல் பலகையின் விளக்கை அணைத்தாள். அவர் பாட்டுக்கு இன்னும் மூன்று எழுத்துகளைப் படித்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"விளக்கை அணைச்சே ரொம்ப நேரமாச்சுண்ணே."

"அப்படியாம்மா? எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது" என்றார் தையல்காரர்.

சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றும்போது, மேசையில் கிடந்த கைபேசி அந்த வில்லை வழியாகக் கண்ணில் பட்டது. டிக் இருக்க வேண்டிய இடத்தில் டிக் இல்லை. குட்டிக் கடிகாரம் ஒன்று இருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள், வயது தெரிந்துவிடும் என்று தனக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இரண்டு வருடமாக ஏய்த்துக்கொண்டிருந்தாள். செய்தி போகவே இல்லை. நேற்றுக் காலையிலிருந்து தனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கைபேசியை அணைத்துத் திரும்பப் போட்டாள். நாலு கோடு இருந்த இடத்தில், டவரே இல்லை என்று ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது. இதுவும் மனப்பாடத்தைத்தான் ஒப்பித்திருக்கிறது.

மணி பதினொன்றே முக்கால். தையல்காரரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

எதிர்க் கட்டடத்தில் லிஃப்டின் கீழ்க் கதவு பாதி திறந்து, குறுக்கே தடுப்புக் கம்பி போட்டிருந்தது. கதவுக்கு மேலே ஐந்து என்ற எண் சிவப்பாக எரிந்தது. அவர் எங்கே என்று காவலாளியிடம் கேட்டாள். காவலாளி விரலால் மேலே காட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழியை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சம்மதம்னு நேத்தே சொல்லிட்டேங்க. அதுதான் வந்து சேரல."

கோப்பும் கையுமாக மாடிப்படி ஏறப்போன நாலைந்து பேர் அப்படியே நின்றார்கள். மேலே எங்கேயோ ஒரு ஸ்பேனர் விழுந்து ணங்கென்றது.

"முதல் வார்த்தை சரியாக் கேக்கலைங்க" என்று குரல் வந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். கதவுக்கு மேலே அந்த ஐந்து அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. குழிக்குள், லிஃப்டை இறக்கும் இரும்புக் கயிறுகள் அதிர ஆரம்பித்திருந்தன.