சடையப்பன் வீட்டுத் தும்மல்

புதுச்சேரி பஸ்ஸிலிருந்து மரக்காணத்தில் இறங்கிய அந்த ஆள், வெயிலில் கால் வைத்ததும் மூன்று தடவை தும்மினார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தத் தும்மலில் டீக்கடை பாய்லர் மூடி எகிறியது. பஸ் நிலையத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி, கடலில் பாதி தூரம் போய்விட்டுத்தான் திரும்பி வந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தட்சணாமூர்த்திக்குக் கையிலிருந்த கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

காரணம் சத்தம் இல்லை. கணக்கு. முதலில் ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் ரெண்டு, சேர்ந்தாற்போல. அது அவருடைய அப்பா சடையப்பனின் தும்மல். சடையப்பன் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது.

பக்கத்தில் இருந்த மேஸ்திரி வேல்முருகன் வாயிலிருந்த பன்னைக்கூட முழுங்கவில்லை. "மொதலாளி, கேட்டீங்களா? பெரியவரு தும்முற மாதிரியே இல்ல?"

"தூசி. ரோட்டுல மண்ணு அடிக்குது" என்றார் தட்சணாமூர்த்தி. மண் அடிக்கவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த வீட்டில் தும்மல் என்பது தும்மல் இல்லை, பட்டா மாதிரி. ஊரெல்லாம் கிளம்பும்போது தும்மினால் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். சடையப்பன் உப்பளத்தில் மட்டும் தும்மாமல் வேலை தொடங்காது. வருஷா வருஷம் முதல் உப்பு வாரும் நாளன்று, வீட்டின் மூத்த ஆண் இருட்டான மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து கற்பூரத் தட்டோடு வெளியே வருவார். எதிரே கண்ணாடிச் சில்லு கொட்டியதுபோல் பாத்திகள் பளீரென்று எரியும். வெயில் கண்ணில் பட்டதும் மூன்று தும்மல். "வாருங்கடா!" என்று குரல். நாற்பது பேர் பலகையோடு பாத்திக்குள் இறங்குவார்கள். சடையப்பன் தும்மி, அவர் அப்பா தும்மி, அந்த அப்பாவுக்கு அப்பா தும்மியதில் வெள்ளைக்காரக் கலெக்டரின் தொப்பி பறந்து பக்கத்து ஊரில் விழுந்ததாகச் சொல்வார்கள். தொப்பியைத் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த வரிசையில் ஒரே ஒரு ஓட்டை. தட்சணாமூர்த்திக்குத் தும்மல் வராது.

ஏழு வயசில் கொட்டகை வாசலில் நிறுத்தி, "பார்றா சூரியனை" என்றார் அப்பா. பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் ஒன்றும் வரவில்லை. அப்பா பையனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஐம்பத்தொரு வருஷமாகத் தட்சணாமூர்த்தியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு வயசில் புல் நுனியை மூக்கில் விட்டுத் தும்மப் பழகினார். மீசை முளைத்ததும் மூக்குப்பொடிக்கு மாறினார். முப்பது வருஷமாக முதல் உப்புக்குத் தும்முவது அவரில்லை, இடுப்பு மடிப்பிலிருக்கும் பொடி டப்பா. அதைவிட ரகசியம் ஒன்று உண்டு. தபாலாபீஸ் சுவரில் பழைய போஸ்ட்மேன்கள் எல்லாரும் நிற்கிற குரூப் போட்டோ. அவர் பிறந்த வருஷம் மரக்காணத்தில் தபால் கொடுத்தவர் மரியதாஸ். ஸ்டாம்பு வாங்கப் போகிற சாக்கில் அந்த மரியதாஸின் காதையும் தன் காதையும் குறைந்தது இருநூறு தடவையாவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். செத்துப்போன அம்மாவைப் பற்றி அப்படி நினைக்கிறோமே என்று வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்வார். அடுத்த மாதம் மறுபடி ஸ்டாம்பு வாங்கப் போவார்.

இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கியது நிஜத் தும்மல். அது டீக்கடைக்கே வந்து, "சடையப்பன் வீடு எதுங்க?" என்று கேட்டது.

பெயர் கார்த்திகேசன். இடையஞ்சாவடியில் வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள், ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை. வயசு அறுபது. அம்மா பொம்மையார்பாளையம், ஒரு காலத்தில் இங்கே உப்புச் சுமந்தவள். சடையப்பனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தி.

அறுபது என்றதும் தட்சணாமூர்த்தி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்றார் கார்த்திகேசன், வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "அவரு எப்படி செத்தாருன்னு தெரிஞ்சா போதும். என்ன வயசு, திடீர்னா, படுக்கையிலயா?"

வந்தவன் செத்த விதத்தை ஏன் கேட்கிறான்? தட்சணாமூர்த்தியின் மூளை அரை நொடியில் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தது. இறப்புச் சான்றிதழ். அடுத்து வாரிசுச் சான்றிதழ். அடுத்து, கொட்டகையிலிருந்து கற்பூரத் தட்டோடு வெளியே வருவது இவன்.

"பாம்பு கடிச்சு" என்றார்.

காபி கொண்டுவந்த மனைவி சிவசங்கரி, "பாம்பா? ஏங்க, மாமா பாத்தியில நடந்துக்கினே..." என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போ!"

கார்த்திகேசன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இத கொஞ்சம் படிச்சுப் பாருங்க. உங்களுக்காகத்தான் எடுத்தாந்தேன்."

தட்சணாமூர்த்தி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டார். நோட்டீஸைக் கையில் வாங்கினால் வாங்கினதுதான், கையெழுத்தே வேண்டாம் என்று எவனோ சொல்லியிருந்தான். "காயிதம் கீயிதமெல்லாம் இங்க வாங்கறதில்ல. காபிய குடிச்சுட்டு கெளம்புங்க."

அந்த ஆள் காபியைக் குடித்தார். காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியதும், ஒன்று, இடைவெளி, ரெண்டு. தெரு நாய் எழுந்து நின்று வாலாட்டியது.

"உங்கப்பாவே எழுந்து போற மாதிரி இருக்குது" என்றாள் சிவசங்கரி.

"பொடி போடறாண்டி. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தட்சணாமூர்த்திக்கு அவசரமாகக் கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது.

மகள் சூர்யகலா மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். ராத்திரி சாப்பாட்டில் அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டார்: "நம்ம தும்மல் இருக்குதே, அது நம்ம குடும்பத்துக்கு மட்டும்தானே?"

"நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்குதுப்பா. வெயில் கண்ணுல பட்டா மூக்கு நரம்பும் சேந்து குழம்பிக்கும். நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது. அதனால இயற்கை அத தொரத்தவும் இல்ல. காலங்காலமா டிக்கெட் வாங்காம நம்ம கூடவே வருது."

"அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கு வந்தே ஆகணுமா?"

"வரலாம், வராமயும் போகலாம். காசு சுண்டுற மாதிரி. பாதிக்குப் பாதி." அவள் மோரை ஊற்றிக்கொண்டே அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "வரலைன்னா புள்ளை இல்லைன்னு அர்த்தமில்லப்பா. வந்துச்சுன்னா புள்ளைதான்னும் அர்த்தமில்ல."

இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு கை கழுவினார்.

மறுநாள் இடையஞ்சாவடிக்கே போய்விட்டார். தலையில் ஹெல்மெட், அதை மூன்று மணி நேரம் கழற்றவே இல்லை. சைக்கிள் கடைக்கு எதிரே இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று, சந்தேகம் வராமலிருக்க ஒன்பது இளநீர் குடித்தார். இளநீர்க்காரன், "ஹெல்மெட்டோட குடிக்கிற ஆள இப்பதான்பா பாக்கறேன்" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கார்த்திகேசன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தபோதெல்லாம் தும்மினார். பார்க்க ஒருவருமில்லாதபோதும் தும்மினார். கை மூக்குப் பக்கம் போகவே இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே எண்ணினாள். வேறொருவராக இருந்தால், சரி, நிஜத் தும்மல்தான் என்று பஸ் ஏறியிருப்பார். தட்சணாமூர்த்தி ஒரே முடிவுக்கு வந்தார்: பயல் ஒத்திகை பார்க்கிறான்.

ஸ்கூட்டர் ஒன்றை மேடேற்றித் தள்ளிவிட்டு, கார்த்திகேசன் மார்பைப் பிடித்துக்கொண்டு படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். 'நடிப்பு' என்று அதையும் தட்சணாமூர்த்தி குறித்துக்கொண்டார்.

முதல் உப்பு வாரும் நாள் வந்தது. மாசி வெயில், வானத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் மேகம் கிடையாது. மோட்டார் கொட்டகைக்குள் தட்சணாமூர்த்தி தட்டோடு நின்றார். வெளியே நாற்பது பேர். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், வேல்முருகன் கூப்பிட்டானோ யார் கூப்பிட்டார்களோ, கார்த்திகேசன், தலைக்குமேல் குடையோடு.

தட்சணாமூர்த்தி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொடியை உறிஞ்சினார். வெளியே வந்தார். சூரியனைப் பார்த்தார். வரவில்லை. பயத்தில் மூக்கு மரத்துப் போயிருந்தது. நாற்பது பேரும் பலகையைப் பிடித்தபடி அவர் மூக்கையே பார்த்தார்கள். பதினெட்டுப் பட்டியிலுள்ள மூக்குகளும் ஒன்று சேர்ந்து அவரைக் கைவிட்டன போலிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மரியாதைக்காகக் குடையை மடக்கினார் கார்த்திகேசன்.

ஒன்று. இடைவெளி. ரெண்டு.

"பெரியவரே வந்துட்டாருடோய்!" என்று ஒரு கிழவி கத்தினாள். பத்துப் பேர் பாத்தியில் இறங்கியே விட்டார்கள்.

"நில்லுங்கடா!" தட்சணாமூர்த்தி தட்டை வரப்பில் வைத்தார். "பொடி! இவன் பொடி போட்டுக்கினு வந்திருக்கான்! டேய் வேல்முருகா, பையில கைய விட்டுப் பாரு!"

வேல்முருகன் தயங்கினான். "நீங்க பாருங்க தம்பி" என்று கார்த்திகேசனே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பையில் கைக்குட்டை. சுத்தம். பஸ் டிக்கெட். அப்புறம் அந்த நான்காக மடித்த காகிதம்.

"அதுதான், அதுதான் நோட்டீசு!" என்று எட்டிக் குதித்தார் தட்சணாமூர்த்தி. குதித்ததில் வேட்டி மடிப்பு தளர்ந்து, பொடி டப்பா கல்லில் விழுந்து மூடி திறந்துகொண்டது. கடல்காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு வீச்சு வீசியது. நாற்பது பேரும் தும்மினார்கள். மோட்டார் தும்மியது என்றுகூட ஒரு கட்சி உண்டு. கடைசியாக, மிகவும் தாமதமாக, தட்சணாமூர்த்தியும் தும்மினார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சூர்யகலா வந்து டப்பாவை எடுத்து மூடினாள். "ஆறாவது படிக்கறப்பவே தெரியும்ப்பா. உன் துண்ட தோய்க்கறது யாரு?" பிறகு காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் டீச்சர் முகமாக மாறியது.

"அப்பா, இது நோட்டீஸ் இல்ல. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு. இவருக்கு இதயத்துல தசை தடிச்சிருக்குது. பரம்பரையா வர்றது. கூடப் பொறந்தவங்க எல்லாரையும் ஸ்கேன் பண்ணச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காங்க."

"பஸ் படியில மயங்கி விழுந்தேன்" என்றார் கார்த்திகேசன். "உங்கப்பா எப்படி செத்தாருன்னு டாக்டர் கேட்டாங்க. எனக்குத் தெரியலை. எங்கம்மா சொன்னதெல்லாம் அந்தத் தும்மல் ஒண்ணுதான். உங்களுக்கும் இந்த நோவு இருக்கலாம்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன். பாம்புன்னுட்டீங்க."

"பாம்பில்ல" என்றான் வேல்முருகன். "அதோ அந்தப் பாத்தி. அம்பத்திநாலு வயசு. நடந்துக்கினே இருந்தாரு, அப்படியே உக்காந்தாரு, முடிஞ்சுபோச்சு. வெயில் குடிச்சிடுச்சுன்னு பேசிக்கினோம்."

"புள்ள குட்டி பெத்து முடிக்கற வரைக்கும் இது பெரும்பாலும் கம்முனு கெடக்கும்" என்றாள் சூர்யகலா. "அதுக்குள்ள அடுத்த தலைமுறைக்குப் போயிடும். அதனாலதான் இயற்கையால இத வடிகட்ட முடியல. அப்பா, நாளைக்கு நாம ஆஸ்பத்திரி போறோம்."

போனார்கள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. மார்பில் குளிர்ச்சியாக எதையோ தடவி, கருவியை வைத்து உருட்டி, திரையையே வெகுநேரம் பார்த்தாள் டாக்டரம்மா. கார்த்திகேசனின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

"மனச தைரியமா வெச்சுக்குங்க. உங்களுக்கும் இருக்குது. அவருக்கு எந்த இடத்துல தடிச்சிருக்குதோ அதே இடம்."

"இது எத்தனை பேருக்கு வரும் டாக்டர்?"

"ஐந்நூறு பேர்ல ஒருத்தருக்கு."

"தும்மல் மாதிரி நாலுல ஒண்ணு இல்லியே?"

"என்ன தும்மல்?"

தட்சணாமூர்த்தி சட்டைகூடப் போடாமல் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். மார்பில் தடவிய பசை வழிய வழியச் சிரித்தார். ஐம்பத்தொரு வருஷச் சிரிப்பு, அதைக் கேட்டு நர்ஸ் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அப்பனின் மூக்கு வரவில்லை, சரி, இதயமே வந்திருக்கிறது! அம்மா தாயே, மன்னிச்சுக்கோ. மரியதாஸ், நீயும் மன்னிச்சுக்கோய்யா. உன் காது உன்னோடயே இருக்கட்டும்.

டாக்டரம்மா மனநலப் பிரிவுக்குப் போன் போடலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பாள். "மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம். பாரம் தூக்கக் கூடாது, வெயில்ல ஓடக் கூடாது" என்றாள். அப்புறம் பேனாவைத் திறந்து, "உங்களுக்குப் பசங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது.

கதவுக்கு உள்ளே சூர்யகலா. வெளியே பெஞ்சில் தட்சணாமூர்த்தியும், துணைக்கு வந்த கார்த்திகேசனும். ஒருவர் கையைப் பிசைந்தார். ஒருவர் கதவைப் பார்த்தார். பாதிக்குப் பாதி என்று அவள் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னது தட்சணாமூர்த்தியின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் தடவையாக, தன் பிள்ளை தன் அப்பாவைப்போல் இருக்கக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டார். எதுவும் வந்திருக்க வேண்டாம். போஸ்ட்மேன் காது வந்தாலும் பரவாயில்லை.

கதவு திறந்தது. "ஒண்ணுமில்லப்பா, நார்மல்" என்றாள் சூர்யகலா. "ஆனா இப்ப இல்லைன்னா எப்பவும் இல்லைன்னு சொல்ல முடியாதாம். வருஷா வருஷம் வந்து பாக்கச் சொல்றாங்க."

தட்சணாமூர்த்தி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். மூக்கு, கண், உதடு எல்லாவற்றையும் பார்த்தார். நம்பவில்லை. "காயிதத்தக் காட்டு" என்று ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எல்லாம் இங்கிலீஷ். ஒரு எழுத்தும் ஓடவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார்.

"அண்ணே, நீ படி. நீ வெள்ளைக்காரங்களோட பழகினவன். இவ எனக்கோசரம் பொய் சொன்னாலும் சொல்லுவா."