உக்கிரபாண்டி அமுக்காத பட்டன்

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் ‘ஃபயர்வால்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தவன் மணிகண்டராஜ். சிவகாசி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். வெம்பக்கோட்டை பேக்டரிக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, ஃபயர்வால்ல ஓட்டை இருக்கு, அடைக்கணும்” என்றான். அங்கே போர்மேன் உக்கிரபாண்டி ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு, ஷெட்டு ஷெட்டாகச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சொவரு கல்லாட்டம் இருக்கு தம்பி, யாரு ஒங்ககிட்ட கோள் மூட்டுனது?” என்று சண்டைக்கு வந்தார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பில் போடுகிறவள் நான், ஞானசுந்தரி. எனக்கு வாய்த்தது அப்படி.

அது இரண்டாயிரத்து எட்டு, தீபாவளி சீசன். பேக்டரி கேட் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. லோடு விவரம் அதிலிருந்து இன்டர்நெட் வழியாக எனக்கு வரும். நான் பில் போட்டு அனுப்பி, அது அங்கே பிரிண்ட் ஆனால்தான் லாரி நகரும். இந்த லட்சணத்தில் அங்கே யாரோ புண்ணியவான் நாள் முழுக்க சினிமாப் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தான். லைன் ஊர்ந்தது. பேக்டரியில் இருக்கும் ரூட்டர் பெட்டிக்குள், பில்லை விடு, பாட்டை விடாதே என்று விதி எழுதி வைக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பெயர்தான் ஃபயர்வால்.

முந்தின வாரம் மணிகண்டராஜ் இங்கிருந்தபடியே எழுதினான். வரிசை மாறி, ‘யாரையும் விடாதே’ என்பது முதலில் விழுந்துவிட்டது. பெட்டி அவனையும் விடவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பஸ் பிடித்து வெம்பக்கோட்டை போய் அவன் சரிசெய்வதற்குள் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளி காசிராஜன் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். “இன்னொருக்கா லைன் அந்துச்சுன்னா, நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க தம்பி” என்றார். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். ‘மாப்பிள்ளை நிலையான கம்பெனியில் இருக்கிறார்’ என்பதை நம்பித்தான் பெண் கொடுக்கிறார்கள். எனக்கே பாவமாக இருந்தது.

அதனால் இந்தத் தடவை ஒரு புரோகிராம் செய்து கொண்டுவந்தான். அது பேக்டரிக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்துகொள்ளும். இங்கிருந்து அவன் அனுப்பும் விதிகளை அதுவே ரூட்டரில் ஏற்றிவிட்டு, அஞ்சு நிமிஷம் காத்திருக்கும். அதற்குள் பேக்டரிக் கம்ப்யூட்டரில் பில் வருகிறதா என்று பார்த்து, ‘சரி’ என்ற பட்டனை அமுக்க வேண்டும். யாரும் அமுக்காவிட்டால் பழைய விதிகளையே திரும்பப் போட்டுவிடும்.

“அத நாமளே இங்கன அமுக்குனா என்ன?” என்று கேட்டேன்.

“அங்க வேல செய்யுதான்னு அங்க இருக்கவகதானக்கா சொல்லணும்.”

நியாயம்தான். ஆனால் அங்கே இருக்கிறவர் உக்கிரபாண்டி.

அவருக்குப் புரியும்படி சொல்கிறேன் பேர்வழி என்று மணிகண்டராஜ் போனில் ஆரம்பித்தான். “அண்ணாச்சி, திரி பத்த வச்ச மாதிரின்னு வச்சுக்கோங்க. அஞ்சு நிமிசம் எரியும்.”

“பத்த வச்சாச்சா?”

“இந்தா, இப்பத்தான். நீங்க என்ன செய்யணும்னா...”

டொக்கென்று போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. பேக்டரிக்குள் செல்போனும் கூடாது. அஞ்சு நிமிஷம் ஓடிப்போய்ப் பழைய விதிகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அதன் பிறகு அவரே கூப்பிட்டார். “அம்புட்டுப் பேரையும் வேப்பமரத்துக்கு வெரட்டிட்டேன். ஒண்ணும் வெடிக்கலையே தம்பி? நமுத்துப் போச்சா?”

“திரியெல்லாம் கெடையாது அண்ணாச்சி! சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல ‘சரி’ன்னு ஒரு பட்டன் வரும், அத அமுக்குனாப் போதும்.”

“பேக்டரியில அந்தப் பேச்சே பேசப்படாது. வெடிக்காம கெடக்கறதுகிட்டப் போயி அமுக்கச் சொல்லுறீகளே, எனக்குப் பிள்ளகுட்டி இல்லையா?”

இரண்டாவது தடவையும் மரத்தடிக்கே போனார். அதற்குள் முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணிகண்டராஜுக்கு வேர்த்து ஊற்றியது. மூன்றாவது தடவை கெஞ்சிவிட்டான். “எதையும் பாக்க வேண்டாம் அண்ணாச்சி. போன வச்சதும் கண்ண மூடிக்கிட்டு அமுக்குங்க. எம்பொழப்பே ஒங்க கையிலதான் இருக்கு.” சொல்லிவிட்டு விதிகளை ஏற்றினான்.

என் பில் பக்கம் அப்படியே நின்றது. அவன் குனிந்து பார்த்தான். “அக்கா, அவசரத்துல போன வாரத்து விதிய ஏத்திட்டேன். ‘யாரையும் விடாதே’. அவரு அமுக்கிட்டா இதுவே நிலைச்சிரும்.”

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “அமுக்காதீக அண்ணாச்சி, அமுக்காதீக” என்று எடுக்காத போனிடம் முனகினான்.

“என்ன தம்பி, லைன் நின்ன மாதிரி இருக்கு?” என்றார் முதலாளி, மெதுவாக.

“பாத்துக்கிட்டு இருக்கோம் மொதலாளி” என்றேன் நான். சொன்ன வேலையை ஒருத்தர் செய்துவிடக் கூடாதே என்று பத்திரகாளியம்மனை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அஞ்சு நிமிஷம் கழிந்தது. பில் பக்கம் அசைந்தது. லைன் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் போன். “கோவிச்சுக்கிடாதீக தம்பி. வெரல நீட்டிட்டேன். மனசு கேக்கல, மரத்தடிக்குப் போயிட்டேன்.”

“நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும் அண்ணாச்சி” என்றான் மணிகண்டராஜ்.

“ஏலே, நக்கலா பண்ணுத?” என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை. சரியான விதிதானா என்று அவனை இரண்டு முறை பார்க்கச் சொல்லி ஏற்றவைத்தேன். போனை நான் வாங்கினேன். “அண்ணே, லோடு ஏத்தியாச்சுல்ல? பில்லு வந்திருக்கா பாருங்க.”

“வந்திருக்கு தாயி.”

“அப்பச் ‘சரி’ன்னு இருக்கறத அமுக்கி லாரிய விடுங்க.”

“இத மொதல்லயே சொல்லப்படாதா?”

அமுக்கிவிட்டார். விதி நிலைத்தது. பாட்டு நின்றது, பில் பறந்தது. “ஒரு பட்டன் அமுக்க இம்புட்டு நேரமா?” என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார். மணிகண்டராஜ் நாற்காலியில் சரிந்து, என்னைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணக் களை அப்போதே வந்துவிட்டது.

ஆனால் அடுத்த லோடு விவரம் வரவேயில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவன் சிரிப்பு வற்றியது. லைனைச் சோதித்தான், நன்றாகத்தான் இருந்தது. போன் போட்டான். வெகுநேரம் கழித்து வாட்ச்மேன் பெத்தணன் எடுத்து, கிசுகிசுத்தார்.

“எல்லாரும் வேப்பமரத்தடியில நிக்காக சார். போர்மேன் பட்டன அமுக்கிட்டாராம்ல. எப்ப வெடிக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னாக.”