கிளெம் டிரான்டர் மேல் மூன்றாவது புகார்

பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிராணிவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர் என்று சட்டைப்பைக்கு மேலே தைத்திருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மழை பொய்த்து இது மூன்றாவது வருடம். ஆஸ்திரேலியாவின் இந்த மூலையில், ஹே ஊருக்கு வடக்கே எந்தப் பண்ணைக்குப் போனாலும் எலும்பும் தோலுமாய் அதே செம்மறிகள், அதே சமாதானங்கள். எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கிளெம் டிரான்டர் மேல் முன்பே இரண்டு புகார்கள். இரண்டும் ஒன்றுதான்: எழ முடியாமல் விழுந்த ஆடுகளை அப்படியே கிடக்க விடுகிறார், உயிர் இருக்கும்போதே காக்கை கண்ணைக் கொத்துகிறது. விழுந்த ஆட்டை அன்றைக்கே சுட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். துப்பாக்கி இல்லாத பண்ணை கிடையாது. போன தடவை நானே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்: விழுந்தவற்றை அன்றன்றே முடித்துவிட வேண்டும், தவறினால் வழக்கு. வழக்கில் தோற்றால் ஆயுசுக்கும் ஆடு வளர்க்கக் கூடாது. கிளெமுக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி மேவிஸ் போன பிறகு அவருக்கென்று இருப்பது அந்த முந்நூறு ஆடுகள் மட்டும்தான்.

மூன்றாவது புகார் வேறு மாதிரி. பக்கத்துப் பண்ணை டக் வீலன் காலையில் போன் செய்தார்.

"கத்திய வெச்சு அறுக்குறான் மொரீன். அதையும் ஒழுங்கா அறுக்கத் தெரியல. ஒரு ஆடு பாதிக் கழுத்தோட என் வேலி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. நான்தான் சுட்டேன்."

நூற்றுநாற்பது கிலோமீட்டர், புழுதியில். வழியெல்லாம் கிளெமைத் திட்டிக்கொண்டே போனேன்.

கிளெம் கொட்டகை வாசலில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"டீ போடவா?"

"டீ குடிக்க வரல."

"நீ என்னைக்குத்தான் குடிச்ச? மூஞ்சிய மட்டும் காட்டிட்டுப் போவ."

வண்டிக் கதவை அறைந்து சாத்தினேன். "ஒரு தோட்டால முடியுற வேலைக்குக் கத்தி எடுத்திருக்கீங்க. வேலி வரைக்கும் ரத்தம் கிடக்கு. என்ன மனுஷன் நீங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விரல் முட்டிகள் எல்லாம் வீங்கி, கோணிப் போயிருந்தன. இந்தக் கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதே பெரிய பாடு.

"அன்னைக்கே முடிக்கணும்னு நீதான எழுதிக் குடுத்த."

"சுட்டு முடிக்கச் சொன்னேன்."

"துப்பாக்கி இல்ல."

"வித்துட்டீங்களா?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க." வைக்கோலைக் கீழே போட்டார். "மேவிஸ் போன அடுத்த மாசம் மக வந்தா. நான் இங்கதான் உக்காந்திருந்தேன், அத மடியில வெச்சுக்கிட்டு. எவ்ளோ நேரமா உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியாது. அவ உடனே போலீஸுக்குப் போன் போட்டா, போலீஸ்காரர் வந்து துப்பாக்கிய வாங்கிட்டுப் போயிட்டாரு. லைசென்ஸும் போச்சு."

"இப்ப எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"ஆடுங்க காலையில கத்துதுல்ல, எந்திரிச்சுத்தான ஆகணும். மகளுக்குத் தினமும் போன் பண்ணணும், அது அவ உத்தரவு."

"டக்கக் கூப்பிட்டிருக்கலாமே. ஓடி வந்திருப்பாரே."

"உன் துப்பாக்கி எங்கடான்னு கேப்பான். சனிக்கிழமைக்குள்ள பப் முழுக்கத் தெரிஞ்சுடும். அப்புறம் எல்லாரும் என்னப் பாவமாப் பாப்பாங்க. சாப்பாடு கொண்டு வருவாங்க." கீழே கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். "உன்கிட்ட மட்டும்தான் கேட்டேன்."

ஆமாம், கேட்டார். போன தடவை என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்டதான் துப்பாக்கி இருக்கே, இந்த நாலையும் முடிச்சுட்டுப் போயேன்" என்றார். அன்றைக்கு எனக்கு அது ஐந்தாவது பண்ணை. "நான் என்ன உங்க பண்ணையாளா?" என்று கேட்டுவிட்டு, உத்தரவை எழுதி அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன். அவர் அந்தக் காகிதத்தை மதித்திருக்கிறார். பாதிக் கழுத்தோடு வேலி வரைக்கும் போன அந்த ஆடு என் உத்தரவால் போனது.

கொட்டகைக்குப் பின்னால் மூன்று ஆடுகள் விழுந்து கிடந்தன. வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிளெம் மண்டியிட்டு, முதுகைத் தடவிக்கொடுத்து, "அவ்ளோதான்டா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் சுட்டேன். மூன்றாவது முடிந்ததும் துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

விசாரணைத் தாளை எடுத்தேன். அதில் ஒரு கேள்வி, காரணம் என்ன என்று. அதை எழுதினால் வழக்கு நிற்காது.

"போலீஸ் வாங்கிட்டுப் போனத எழுதுறேன் கிளெம். எழுதினா உங்க ஆடு உங்ககிட்டயே இருக்கும்."

"எழுதாத."

"கோர்ட்ல உங்களக் கொடூரக்காரன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்மா. கொடூரக்காரனா நான் இந்த ஊர்ல நடமாடிக்குவேன். அந்த இன்னொருத்தனா என்னால நடமாட முடியாது."

அரை மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'கைகளில் கடுமையான முடக்குவாதம். விழுந்த ஆடுகளைச் சுட்டுத்தரும்படி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். இன்ஸ்பெக்டர் மறுத்து, அவரே முடிக்க வேண்டுமென்று எழுத்தில் உத்தரவிட்டார். தவறு இன்ஸ்பெக்டருடையது.' எல்லாம் உண்மை. என் வேலை என்ன ஆகும் என்று கவலைப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இனி ஆடு ஏதாவது விழுந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், எந்த நாளானாலும் வருகிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

சாலை முனையில் டக் வீலன் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நாப்பது வருஷப் பழக்கம் மொரீன். ஒரு குட்டி செத்தா ரெண்டு நாள் பேச மாட்டான், அப்படிப்பட்ட ஆளு. எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஏதாவது காரணம் இருந்தா சொல்லு, இப்பவே போய் அவன்கூட உக்காருறேன்."

நல்ல மனிதர். போய் உட்காரவும் செய்வார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

"காரணம் ஒண்ணுமில்ல டக்" என்றேன். "அவர் அப்படித்தான்."