ஒண்ணுகூடத் தோக்காத நாப்பது

எங்க சோப்புத்தூள் கம்பெனியில ஆராய்ச்சிப் பிரிவுன்னு ஒரு ரூம் இருக்கு. போன வருஷம் வரைக்கும் அது காலி சாக்கு அடுக்குற ரூம். ஆராய்ச்சிக்குச் செலவு பண்ற கம்பெனிக்கு வரிச்சலுகைன்னு அரசாங்கம் அறிவிச்சதுதான் தாமதம், சாக்கு வெளிய போச்சு, வெள்ளைக் கோட்டு உள்ள வந்துச்சு. கோட்டுக்குள்ள யாரு? நான்தான். பேக்கிங் சூப்பர்வைசரா இருந்தவன் ஒரே நாள்ல ஆராய்ச்சித் தலைவர். சிரிக்காதீங்க, அப்ப எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

பண்ணின ஆராய்ச்சி என்னன்னு கேக்கறீங்களா? நீலத் தூளைப் பச்சையாக்கினோம். அவ்வளவுதான். வரி ஆபீசுக்குக் காட்ட சோதனைக் குறிப்பு வேணுமேன்னு, மூணு நாள் உக்காந்து நாப்பது சோதனையை நானே கற்பனையா எழுதித் தள்ளினேன். முதலாளி வாங்கின புதுக் காருகூட ஆராய்ச்சிச் செலவாயிடுச்சு.

வரியில விட்டதை அரசாங்கம் வேற எங்கயாவது பிடிக்கணும் இல்லையா? என் அக்கா வேலை பார்த்த அரசு ஆய்வுக்கூடத்துல பிடிச்சாங்க. இனிமே ஆராய்ச்சியைக் கம்பெனிகளே பாத்துக்கும்னு சொல்லி இழுத்து மூடிட்டாங்க. சூடு பண்ணாத தண்ணியிலயே கறை போக்குற ஒரு மருந்துக்காக அங்க பத்தொன்பது வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டவ அவ. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா முடிச்சிருப்பா. மாமாவுக்கு வேலைக்குப் போற உடம்பு இல்ல, பொண்ணு காலேஜ்ல படிக்குது. அவளுக்கு உடனே வேலை வேணும்.

"உங்க கம்பெனியில ஆராய்ச்சி நடக்குதே, எனக்கு ஒரு இடம் கிடைக்குமாடா?"ன்னு கேட்டா. சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் அவ்வளவு பீத்தியிருந்தேன். இல்லைன்னு எந்த வாயால சொல்றது?

திங்கக்கிழமை காலையில ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டா. ரூமைச் சுத்திப் பார்த்தா. குழாயைத் திறந்தா, காத்துகூட வரல. என் சோதனை நோட்டை எடுத்து, நின்னுக்கிட்டே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சா.

"ஏண்டா, இதுல ஒண்ணுகூடத் தோக்கலையே?"

"என்னக்கா?"

"நாப்பதும் ஜெயிச்சிருக்கு. எனக்கு இத்தனை வருஷத்துல உருப்படியா வந்தது நாலுதான்."

எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. ஆராய்ச்சின்னா ஜெயிக்கறதுன்னு நினைச்ச முட்டாள் நான்.

அதுக்குள்ள முதலாளி வந்துட்டாரு. "டாக்டரம்மா, கதவுல உங்க பேர் இருந்தாலே போதும். கையெழுத்துப் போடுங்க, சம்பளம் வாங்கிக்கோங்க. அடுத்த வாரம் வரி அதிகாரி வர்றாரு."

"என்னோட மருந்து, சார்? ஒரு வருஷம் போதும்."

"அது எதுக்கும்மா வெட்டிச் செலவு!"ன்னு சிரிச்சாரு.

அக்கா நோட்டை என் மூஞ்சியில விட்டெறியணும், என்னை நாலு கேள்வி கேக்கணும்னு மனசுக்குள்ள வேண்டினேன். அவ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"இதை அப்படியே காட்டினா அஞ்சு நிமிஷத்துல மாட்டிப்பீங்க. முதல்ல ஏழாவது சோதனையைத் தோக்க வைக்கணும். புது நோட்டு கொண்டா."

ஒரு அளவு சந்தேகமா இருந்தா ஒரு மாச வேலையையே திருப்பிச் செய்யறவ அவ. அன்னிக்கு முழுக்க நடக்காத தோல்வியை எல்லாம் ஒண்ணொண்ணா எழுதினா. எந்தச் சூட்டுல கட்டி தட்டுச்சு, எதனால நுரை அடங்கிப்போச்சு, மறுநாள் எதை மாத்தினாங்கன்னு எல்லாம். படிச்சா எனக்கே நடந்த மாதிரி இருந்துச்சு.

வந்த அதிகாரி பக்கம் பக்கமாப் புரட்டினாரு. "இதுதாங்க நெஜமான ஆராய்ச்சி"ன்னு முதலாளிக்குக் கை கொடுத்துட்டுப் போனாரு.

எல்லாரும் போனதும் அவ பக்கத்துல போய் நின்னேன். அக்கா, மன்னிச்சுடுன்னு சொல்ல வாயெடுத்தேன். அவ தலை நிமிரவே இல்ல.

"என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதடா"ன்னு கெஞ்சினா.