மூன்று மூலைப் புள்ளி

விண்வெளிக்குப் போகவிருந்த அகச்சிவப்புத் தொலைநோக்கியின் கண்ணாடியைப் பதினான்கு மாதம் தேய்த்து மெருகேற்றியவரை எல்லோரும் 'பொறுமை சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

அந்தத் தொலைநோக்கிக்குத் தன் உடம்புச் சூடே வெளிச்சமாகத் தெரியும். அதனால் மைனஸ் இருநூற்று முப்பது டிகிரியில்தான் வேலை செய்ய முடியும். கண்ணாடியைக் குளிர்கலனில் வைத்து ஆறு நாள் குளிரவிட்டுப் பார்த்தபோது, வட்டமாக விழ வேண்டிய ஒளிப்புள்ளி மூன்று மூலையாக விழுந்தது.

"தேய்ச்சதுலதான் கோளாறு. வெளியே எடுத்ததும் மறுபடி தேய்ங்க," என்றார் திட்டத் தலைவர்.

"என் தலையில கட்டாதீங்க. குளிர வைக்கிறதுக்கு முன்னாடி அளந்தப்ப சுத்தமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார் பொறுமை சார்.

கண்ணாடியையும் அதன் தாங்கியையும் வடிவமைத்தவளும் அந்த அறையில்தான் இருந்தாள். மூன்று மூலை என்றதுமே அவளுக்குத் தாங்கிதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடி தாங்கியில் பசையால் ஒட்டியிருந்தது மூன்றே இடங்களில்.

கலன் பழைய சூட்டுக்கு வர ஐந்து நாள் ஆகும். நான்கு நாள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, ஐந்தாம் நாள் மாலைதான் தாங்கிக்குப் போட்ட தன் பழைய கணக்கைத் திறந்தாள். பசை குளிரில் எவ்வளவு சுருங்கும் என்பதை மைனஸ் நூற்றுத் தொண்ணூறு வரைதான் அளந்திருந்தார்கள். அதற்குக் கீழேயும் அதே வேகத்தில் சுருங்கும் என்று அவளாகவே கோட்டை நீட்டியிருந்தாள். கடுங்குளிரில் சுருக்கம் மட்டுப்படும் என்பது தெரிந்தும், அவசரத்தில். அந்தப் பிசகில் பசை மூன்று இடத்திலும் கண்ணாடியை அழுத்தி வளைத்திருந்தது.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"நாளைக்கே சொல்லணுமா? உன் பதவி உயர்வு முடியட்டுமே."

"நாளைக்குத் தேய்க்க ஆரம்பிச்சிருவாங்க. கண்ணாடியில ஒரு குறையும் இல்லங்க. தேய்ச்சா பாழாப் போயிரும்."

மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான். "அப்ப காலையில சீக்கிரம் கிளம்பு," என்றான்.

மறுநாள் காலை தலைவரையும் பொறுமை சாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னாள். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொறுமை சார் அவளையே பார்த்தார்.

"அஞ்சு நாளா என்னைத் திருடனைப் பாக்கிற மாதிரி பாத்தாங்க. நீங்களும் அந்த ரூம்லதான் இருந்தீங்க."

"ஆமா சார்."

பதவி உயர்வு கைநழுவியது. அவள் பசையைக் கடைசிக் குளிர் வரை அளந்து, பசைப் பூச்சின் கனத்தைத் திருத்தினாள். பழைய பசையைச் சுரண்டும் வேலையை மட்டும் பொறுமை சார் யாரிடமும் விடவில்லை. அவளிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவுமில்லை.

நான்கு மாதம் கழித்துத் திரையில் புள்ளி வட்டமாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் அவள் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார்.

"எனக்கு இன்னும் கோபம் தீரல."

"தெரியும் சார்."

"அடுத்த கண்ணாடிக்கு வரைபடம் எப்ப தருவீங்க?"